கேம்ஷாஃப்ட் நேரச் சீரமைப்பு

கேம்ஷாஃப்ட் நேரச் சீரமைப்பு என்பது, எஞ்சினின் வால்வுகள் திறந்து மூடும் தருணங்களைக் கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியுடன் ஒப்பிட்டுச் சில பாகைகள் முன்னதாகவோ பின்னதாகவோ மாற்றி அமைப்பதாகும். கேம்ஷாஃப்ட் தமிழில் நெம்புருள் தண்டு என்றும், கிராங்க்ஷாஃப்ட் வணரித் தண்டு என்றும் அழைக்கப்படுகின்றன. புதிய பாகம் எதையும் சேர்க்காமல், இவ்விரு தண்டுகளுக்கும் இடையிலான கோணத்தை மட்டும் மாற்றினாலே எஞ்சினின் குணம் மாறிவிடும். ஆயினும் இம்மாற்றத்தால் எல்லா வேகங்களிலும் திறன் கூடிவிடுவதில்லை. குறைந்த வேகத்தில் கிடைக்கும் இழுவையைச் சிறிது விட்டுக்கொடுத்து அதிக வேகத்தில் திறனைப் பெறலாம். அல்லது இதற்கு மாறாகச் செய்யலாம். பந்தய வாகனங்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் வெவ்வேறு நேர அமைப்பு இருப்பதற்கு இதுவே காரணம்.

வால்வுகளும் நான்கு வீச்சுகளும்

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் உறிஞ்சு வீச்சு, அமுக்க வீச்சு, திறன் வீச்சு, வெளியேற்று வீச்சு என நான்கு முறை சிலிண்டருக்குள் மேலும் கீழும் நகர்கிறது. இதற்குள் கிராங்க்ஷாஃப்ட் இருமுறை, அதாவது 720 பாகை சுழல்கிறது. அதே நேரத்தில் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறந்து மூடினால் போதும். எனவே கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழலுமாறு டைமிங் செயின், டைமிங் பெல்ட் அல்லது பற்சக்கரங்களால் இணைக்கப்படுகிறது. கேம்ஷாஃப்டில் ஒரு பாகை மாற்றம், கிராங்க்ஷாஃப்டில் இரண்டு பாகைக்குச் சமம். நேரச் சீரமைப்பில் நிகழும் குழப்பங்களில் பல இந்த இரட்டைக் கணக்கை மறப்பதால் வருபவை. இக்கட்டுரையில் தனியே குறிப்பிடாத இடங்களில் எல்லாப் பாகைகளும் கிராங்க்ஷாஃப்டின் பாகைகளே.

பிஸ்டன் சிலிண்டரில் அடையும் உச்ச இடம் மேல் முனை எனவும், அடி இடம் கீழ் முனை எனவும் இங்கே குறிக்கப்படுகின்றன. பாடநூல்களின் எளிய படங்களில் வால்வுகள் இம்முனைகளில் சரியாகத் திறந்து மூடுவதாகக் காட்டப்படும். உண்மையான எஞ்சின்களில் அவ்வாறு இருப்பதில்லை.

காற்றுக்கும் நிலைமம் உண்டு

நிமிடத்திற்கு 6,000 சுழற்சிகளில் கிராங்க்ஷாஃப்ட் நொடிக்கு 100 முறை சுழல்கிறது. அப்போது 240 பாகைக்குத் திறந்திருக்கும் ஒரு வால்வுக்குக் கிடைக்கும் நேரம் 7 மில்லி நொடிக்கும் குறைவு. நிமிடத்திற்கு 1,000 சுழற்சிகளில் அதே வால்வு 40 மில்லி நொடி திறந்திருக்கும்.

காற்று எடையற்றதுபோல் தோன்றினாலும் அதற்கும் நிறை உண்டு. நிறை உள்ள எதற்கும் நிலைமம் உண்டு. நின்றிருக்கும் காற்று உடனே ஓடத் தொடங்காது. ஓடும் காற்று உடனே நிற்காது. அதிக வேகத்தில் பிஸ்டன் கீழ் முனையைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும், உள்ளிழு குழாயில் விரைந்து வரும் காற்று தன் வேகத்தாலேயே சிலிண்டருக்குள் தொடர்ந்து நுழைகிறது. அந்தக் காற்றை வாங்கிக்கொள்ள உள்ளிழு வால்வு கீழ் முனைக்குப் பிறகும் சிறிது நேரம் திறந்திருக்க வேண்டும். அதிகக் காற்று நுழைந்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம். முறுக்கு விசையும் கூடும்.

குறைந்த வேகத்தில் நிலை வேறு. குழாயில் காற்று மெதுவாக ஓடுவதால், மேலேறும் பிஸ்டனை எதிர்த்து உள்ளே நுழைய அதற்கு வலு இருக்காது. வால்வு நெடுநேரம் திறந்திருந்தால், உள்ளே வந்த காற்றின் ஒரு பகுதியைப் பிஸ்டன் குழாய்க்கே திருப்பித் தள்ளிவிடும். ஆகவே ஒரு வேகத்திற்குப் பொருந்தும் மூடும் நேரம் மற்றொரு வேகத்திற்குப் பொருந்தாது. கேம்ஷாஃப்ட் நேரம் பற்றிய மற்ற எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

ஓர் எடுத்துக்காட்டு

சாதாரணச் சாலைப் பயன்பாட்டுக்கான ஓர் எஞ்சினின் நேர அமைப்பு பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்.

உள்ளிழு வால்வு திறப்பது: மேல் முனைக்கு 10 பாகை முன்
உள்ளிழு வால்வு மூடுவது: கீழ் முனைக்கு 50 பாகை பின்
வெளியேற்று வால்வு திறப்பது: கீழ் முனைக்கு 50 பாகை முன்
வெளியேற்று வால்வு மூடுவது: மேல் முனைக்கு 10 பாகை பின்

உள்ளிழு வால்வு திறந்திருக்கும் மொத்தக் காலம் 10, 180, 50 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 240 பாகை. வெளியேற்று வால்வுக்கும் அதே அளவு. மேல் முனையின் இருபுறமும் 10 பாகை வீதம், மொத்தம் 20 பாகைக்கு இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கின்றன. மெக்கானிக்குகள் இதை ஓவர்லேப் என்பர். உள்ளிழு வால்வு முழு உயரத்திற்குத் திறக்கும் நடுப்புள்ளி, மேல் முனைக்கு 110 பாகை பின்னால் அமைகிறது. நேரத்தை அளக்கும்போது பெரும்பாலும் இந்த நடுப்புள்ளியே அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

நான்கு தருணங்களின் பங்கு

இந்த நான்கு தருணங்களுள் எஞ்சினின் குணத்தை மிகுதியாகத் தீர்மானிப்பது உள்ளிழு வால்வு மூடும் தருணம். அதுவரை உண்மையான அமுக்கம் தொடங்குவதில்லை. 84 மி.மீ. வீச்சு நீளமும், 140 மி.மீ. இணைப்புத் தண்டும், 10:1 அமுக்க விகிதமும் உடைய எஞ்சினில், வால்வு கீழ் முனைக்கு 50 பாகை பின் மூடினால் பிஸ்டனின் இருப்பிடத்தைக் கொண்டு கணக்கிடும் செயல் அமுக்க விகிதம் சுமார் 8.8 ஆகும். 46 பாகையில் மூடினால் அது ஏறத்தாழ 9.0 ஆக உயரும். 54 பாகையில் மூடினால் 8.6 ஆகக் குறையும். குறைந்த வேகத்தில் இந்தச் சிறு வேறுபாடே இழுவையில் தெரியும்.

வெளியேற்று வால்வு திறக்கும் தருணம் அடுத்தது. திறன் வீச்சு முடியுமுன்பே அது திறந்துவிடுகிறது. சற்று முன்னதாகத் திறந்தால், எரிந்த வாயு தன் அழுத்தத்தாலேயே வெளியே பாய்ந்துவிடும். பிஸ்டன் அதை வருந்தித் தள்ள வேண்டியதில்லை. ஆனால் பிஸ்டனைக் கீழே தள்ளியிருக்க வேண்டிய அழுத்தத்தின் ஒரு பகுதியும் அதனுடன் வீணாகிறது.

உள்ளிழு வால்வு திறப்பதும் வெளியேற்று வால்வு மூடுவதும் சேர்ந்து ஓவர்லேப்பை முடிவு செய்கின்றன. அதிக வேகத்தில், வெளியேறும் வாயு தன் பின்னால் ஓர் இழுப்பை உண்டாக்கிப் புதுக் காற்றை உள்ளே வரவழைக்கும். குறைந்த வேகத்தில் எரிந்த வாயு உள்ளிழு குழாய்க்குள் பின்வாங்கிப் புதுக் காற்றுடன் கலந்துவிடும். பந்தய கேம்ஷாஃப்ட் பொருத்திய எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது சீரற்றுக் குலுங்குவதற்கு மிகுதியான ஓவர்லேப்பே முக்கியக் காரணம்.

முன்னகர்த்தலும் பின்னகர்த்தலும்

ஒரே கேம்ஷாஃப்ட் உள்ள எஞ்சினில் நான்கு தருணங்களும் ஒன்றாகவே நகரும். மேற்கண்ட எஞ்சினில் கேம்ஷாஃப்டை 4 பாகை முன்னகர்த்தினால் உள்ளிழு வால்வு 14 பாகை முன்னதாகத் திறந்து, கீழ் முனைக்கு 46 பாகை பின் மூடும். வெளியேற்று வால்வு கீழ் முனைக்கு 54 பாகை முன் திறந்து, மேல் முனைக்கு 6 பாகை பின் மூடும். ஓவர்லேப் அதே 20 பாகைதான். அதன் இடம் மட்டும் மாறியிருக்கும்.

பட்டறைகளில் அட்வான்ஸ் எனப்படும் முன்னகர்த்தலால், உள்ளிழு வால்வு விரைவில் மூடிக் குறைந்த, நடுத்தர வேகங்களில் முறுக்கு விசை கூடும். அதிக வேகத்தில் எஞ்சின் சற்று விரைவாகவே மூச்சுத் திணறும். ரிடார்ட் எனப்படும் பின்னகர்த்தலால் அதிக வேகத்தில் திறன் கூடி, குறைந்த வேகத்தில் இழுவை குறையும். சில பாகை மாற்றத்தால் வரும் வேறுபாடு பொதுவாகச் சிறியதே. குழாய்களின் நீளம், அகலம், சைலன்சர் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்து எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறுவதால், டைனமோமீட்டரில் ஓட்டிப் பார்த்தே சரியான அளவை முடிவு செய்வர்.

பின்னகர்த்தும்போது முறுக்கு விசை குறைந்தும் உச்சத் திறன் கூடுவது எப்படி என்ற ஐயம் எழலாம். திறன் என்பது முறுக்கு விசையும் சுழல் வேகமும் பெருகி வருவது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்கு விசையை நிமிடச் சுழற்சிகளால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 3,500 சுழற்சிகளில் 140 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினின் திறன் அவ்வேகத்தில் சுமார் 51 கிலோவாட். 6,500 சுழற்சிகளில் 130 நியூட்டன் மீட்டர் மட்டுமே தந்தாலும் திறன் சுமார் 88 கிலோவாட். விளம்பரத்தில் இடம்பெறும் உச்சத் திறன் எண், நகர நெரிசலில் வண்டி எப்படி இழுக்கும் என்பதைக் கூறுவதில்லை. சாலையில் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 சுழற்சிகளுக்குள் ஓடும் வாகனத்தின் கேம்ஷாஃப்டைப் பின்னகர்த்தி உச்சத் திறனைக் கூட்டினால், அன்றாடம் பயன்படும் இழுவைதான் குறையும்.

இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின்கள்

உள்ளிழு வால்வுகளுக்கும் வெளியேற்று வால்வுகளுக்கும் தனித்தனி கேம்ஷாஃப்ட் உள்ள எஞ்சின்களில் ஒன்றை மட்டும் நகர்த்த முடியும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் உள்ளிழு கேம்ஷாஃப்டை மட்டும் 4 பாகை முன்னகர்த்தினால் ஓவர்லேப் 20இலிருந்து 24 பாகையாகக் கூடும். வெளியேற்று கேம்ஷாஃப்டையும் அதே அளவு முன்னகர்த்தினால் அது மீண்டும் 20 ஆகும். இவ்வாறு வால்வு மூடும் நேரத்தையும் ஓவர்லேப்பையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம்.

டர்போ பொருத்திய எஞ்சின்களில் கூடுதல் கவனம் தேவை. டர்போவுக்கு முன்னால் வெளியேற்று வாயுவின் அழுத்தம் உள்ளிழு அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும் வேகங்களில், ஓவர்லேப் கூடினால் எரிந்த வாயு சிலிண்டருக்கே திரும்பும். அதனால் பழைய டர்போ எஞ்சின்களில் ஓவர்லேப் குறைவாகவே வைக்கப்பட்டது.

அளந்து சரிசெய்யும் முறை

சாதாரண டைமிங் சக்கரத்தில் செயினையோ பெல்ட்டையோ ஒரு பல் தள்ளிப் போடுவது சீரமைப்பு ஆகாது. 40 பற்கள் கொண்ட கேம்ஷாஃப்ட் சக்கரத்தில் ஒரு பல் என்பது கேம்ஷாஃப்டில் 9 பாகை. கிராங்க்ஷாஃப்டில் 18 பாகை. நுண்மையான மாற்றத்திற்கு, நீள்துளைகளும் திருகுகளும் கொண்ட சீரமைக்கத்தக்க சக்கரம் பயன்படுகிறது. அதில் பொறித்த கோடுகள் எந்தத் தண்டின் பாகையைக் குறிக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அளப்பதற்குக் கிராங்க்ஷாஃப்டின் முனையில் பாகைத் தட்டும், வால்வின் மேல் டயல் கேஜும் பொருத்தப்படுகின்றன. மேல் முனையில் பிஸ்டன் சில பாகைகளுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்பதால், கண்ணால் பார்த்து அதைக் கண்டறிய முடியாது. ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு தடுப்புத் திருகைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பிஸ்டன் தடுப்பைத் தொடும் பாகையைக் குறிக்க வேண்டும். பின்னர் எதிர்த்திசையில் சுழற்றி மறுபடியும் தொடும் பாகையைக் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ளதே மேல் முனை.

தடுப்பைக் கழற்றிய பின் உள்ளிழு வால்வின் நடுப்புள்ளி அளக்கப்படும். முழுத் திறப்பை அடையும் முன்னரும், அதைக் கடந்த பின்னரும் வால்வு ஒரே உயரத்தில் இருக்கும் இரு பாகைகளைப் படித்து அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். மேல் முனைக்குப் பின் 70 பாகையிலும் 146 பாகையிலும் ஒரே உயரம் காட்டினால் நடுப்புள்ளி 108 பாகை. தயாரிப்பாளர் குறித்த அளவு 110 என்றால் கேம்ஷாஃப்ட் 2 பாகை முன்னகர்ந்திருக்கிறது என்று பொருள். அளக்கும்போது எஞ்சினை அதன் இயல்பான திசையிலேயே சுழற்ற வேண்டும். இல்லையேல் செயின் தளர்ந்து அளவு பிழையாகும்.

டிஸ்டிரிபியூட்டரைக் கேம்ஷாஃப்ட் இயக்கும் பழைய எஞ்சின்களில், கேம்ஷாஃப்டை நகர்த்தினால் தீப்பொறி நேரமும் உடன் நகரும். அதையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். கணினிக் கட்டுப்பாடு உள்ள எஞ்சின்களில் இரு தண்டுகளின் உணரிகளும் பொருந்தாமல் போனால் பி0016 போன்ற பிழைக் குறியீடு பதிவாகும்.

பிஸ்டனும் வால்வும் மோதும் ஆபத்து

பல எஞ்சின்களில் வால்வு முழுமையாகத் திறந்து வரும் இடமும், பிஸ்டன் உச்சத்தில் வந்து நிற்கும் இடமும் ஒன்றே. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் அங்கே வருவதால்தான் மோதுவதில்லை. இவ்வகை எஞ்சினில் நேரம் பெரிதும் தவறினாலோ பெல்ட் அறுந்தாலோ வால்வுகள் வளையும். பிஸ்டன் உடையவும் கூடும். அமுக்கம் மிகுந்த டீசல் எஞ்சின்கள் ஏறக்குறைய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை.

உள்ளிழு கேம்ஷாஃப்டை முன்னகர்த்தும்போது உள்ளிழு வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. வெளியேற்று கேம்ஷாஃப்டைப் பின்னகர்த்தும்போது வெளியேற்று வால்வின் இடைவெளி குறைகிறது. மிகக் குறுகிய இடைவெளி சரியாக மேல் முனையில் அமையாமல், பெரும்பாலும் அதன் இருபுறமும் சுமார் 10 பாகை தள்ளி அமையும். பிஸ்டனின் தலையில் மென்களிமண்ணை வைத்து, சிலிண்டர் தலையைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் சுழற்றிய பின் களிமண்ணின் மிக மெல்லிய பகுதியை அளப்பது வழக்கம். உள்ளிழு வால்வுக்குச் சுமார் 2 மி.மீ., வெப்பத்தால் அதிகம் நீளும் வெளியேற்று வால்வுக்குச் சுமார் 2.5 மி.மீ. இடைவெளி பொதுவான பாதுகாப்பு அளவாகக் கொள்ளப்படுகிறது.

வேலை முடிந்ததும் ஸ்டார்ட்டரை இயக்குவதற்கு முன், எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கையால் சுழற்றும்போது தட்டுப்படும் வால்வைக் காப்பாற்றிவிடலாம். ஸ்டார்ட்டர் சுழற்றினால் காப்பாற்ற முடியாது.

தேய்மானத்தால் மாறும் நேரம்

யாரும் தொடாமலேயே கேம்ஷாஃப்ட் நேரம் மாறுவதும் உண்டு. டைமிங் செயினின் இணைப்புகள் தேயும்போது செயின் நீள்கிறது. கேம்ஷாஃப்ட் மெல்ல மெல்லப் பின்தங்குகிறது. குறைந்த வேகத்தில் இழுவை குறைவது, எஞ்சின் தொடங்கும்போது சலசலப்பு ஒலி கேட்பது ஆகியவை இதன் அறிகுறிகள். கூடுதல் திறன் தேடிக் கேம்ஷாஃப்டை மாற்ற எண்ணும் பழைய வாகனத்தில், முதலில் தயாரிப்பாளர் குறித்த நேரத்திற்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவதே இழந்த திறனை மீட்கப் போதுமானதாக இருக்கலாம்.

மாறும் வால்வு நேரம்

ஓடும்போதே வால்வு நேரத்தை மாற்றும் எண்ணம் நீராவிக் காலத்தது. 1842இல் உருவான ஸ்டீபன்சன் இணைப்பு அமைப்பின் மூலம், இரயில் எஞ்சின் ஓட்டுநர் சிலிண்டருக்குள் நீராவி நுழையும் கால அளவை நெம்புகோலால் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கார்களில், 1980ஆம் ஆண்டின் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 2000, மாறும் வால்வு நேர அமைப்புடன் விற்பனைக்கு வந்த முதல் காராகக் குறிப்பிடப்படுகிறது. 1992இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வானோஸ் அமைப்பை அறிமுகப்படுத்தியது.

இவற்றில் கேம்ஷாஃப்டின் கோணம் மாறுகிறது. இன்று பரவலாக உள்ள முறையில், கேம்ஷாஃப்ட் சக்கரத்தின் உள்ளே இருக்கும் அறைகளில் எஞ்சின் எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்தி, கணினியின் கட்டளைப்படி கோணம் மாற்றப்படுகிறது. எண்ணெய் அழுக்கடைந்தால் இதன் நுண்ணிய வழிகள் அடைபடும். இத்தகைய எஞ்சின்களில் உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுவது வால்வு நேரத்தைக் காக்கும் வேலையும் ஆகும்.

மற்றொரு முறையில் ஒரே தண்டில் இருவகை நெம்புருள்கள் உள்ளன. ஹோண்டாவின் விடெக் அமைப்பு 1989இல் இன்டெக்ரா காரில் அறிமுகமானது. குறைந்த வேகத்தில் சிறிய நெம்புருளும், அதிக வேகத்தில் பெரிய நெம்புருளும் வால்வுகளை இயக்கின. அதன் 1.6 லிட்டர் எஞ்சின் டர்போ இன்றி நிமிடத்திற்கு 7,600 சுழற்சிகளில் 160 குதிரைத்திறன் தந்தது. இந்தியாவில் 2018இல் அறிமுகமான யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பின் 155 சிசி எஞ்சினிலும் உள்ளிழு வால்வுகளுக்கு இத்தகைய ஏற்பாடு உண்டு. அதன் மாற்றம் 7,400 சுழற்சிகளில் நிகழ்கிறது.

எரிபொருள் சிக்கனத்திற்கான பயன்

கேம்ஷாஃப்ட் நேரத்தை மாற்றி வேண்டுமென்றே திறனைக் குறைப்பதும் உண்டு. 1997 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் காரின் எஞ்சினில் உள்ளிழு வால்வு மிகவும் தாமதமாக மூடுகிறது. உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி குழாய்க்கே திரும்புவதால் அமுக்கம் குறைவாகவும், எரிந்த வாயு விரியும் தொலைவு அதனினும் அதிகமாகவும் அமைகின்றன. எரிபொருளின் ஆற்றலில் கூடுதல் பங்கு பிஸ்டனுக்குக் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சனின் பெயரால் இது அட்கின்சன் சுழற்சி எனப்படுகிறது. அட்கின்சன் இதைச் சிக்கலான இணைப்புத் தண்டுகளால் நிறைவேற்றினார். இன்றைய எஞ்சின்களில் வால்வு மூடும் நேரத்தை மாற்றுவதே அதற்குப் போதுமானதாக உள்ளது. இதனால் குறையும் இழுவையைப் பிரியஸில் மின்மோட்டார் ஈடுசெய்கிறது.